ஒன்றும் நடக்காதவருக்கும் ஓர் இடம்



‘தனிமனித இறையனுபவமும் திருச்சபை வாழ்வும்’ என்பது எனக்குத் தந்த தலைப்பு. தலைப்பைக் கேட்டதும் இரண்டு குரல்கள் என் காதில் ஒலித்தன. இரண்டும் உங்களுக்கும் பழக்கமான குரல்கள்தாம்.

ஒரு குரல் இப்படிச் சொல்கிறது: “எனக்கும் ஆண்டவருக்கும் நேரடி உறவு. நடுவில் சபை எதற்கு, கமிட்டி எதற்கு, தேர்தல் எதற்கு? என் அறையில் ஜெபிக்கிறேன், என் கைப்பேசியில் செய்தி கேட்கிறேன், போதும்.” இது உரத்த குரல். எங்கும் கேட்கிறது. 2020-இல் கொரோனாவினால் கோயில் கதவுகளை அடைத்து, ஆராதனை யூடியூபுக்குப் போன பிறகு இன்னும் உரக்கக் கேட்கிறது.

இன்னொரு குரல் உண்டு. அது மெல்லிய குரல். கூட்டம் கலைந்த பிறகு, செருப்பு மாட்டும்போது, பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சொல்வது. “மூன்று தலைமுறையாக இந்தச் சபையில் இருக்கிறோம் ஐயா. ஞானஸ்நானம் ஆயிற்று, திடப்படுத்தல் ஆயிற்று, கல்யாணமும் இதே கோயிலில்தான். மற்றவர்கள் எழுந்து சாட்சி சொல்கிறார்களே, அப்படி எனக்கு ஒன்றும் நடக்கவில்லையே. என்னிடம் ஏதாவது குறையா?”

முதல் குரலுக்குப் பதில் சொல்லப் பலர் இருக்கிறார்கள். ஆயர்கள் சொல்கிறார்கள், பேராயர்கள் சுற்றறிக்கை விடுகிறார்கள். இரண்டாம் குரலுக்கு யார் பதில் சொல்வது? இன்று மாலை நான் முக்கியமாக அந்த இரண்டாம் குரலுக்காகத்தான் இங்கே நிற்கிறேன். அதற்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரிந்தால் முதல் குரலுக்கும் பதில் கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

அனுபவத்தைக் குறைத்துப் பேச வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். தமஸ்கு வழியில் சவுலுக்கு நடந்ததைவிடத் தனிப்பட்ட அனுபவம் வேறு உண்டா? கூட வந்தவர்கள் வாயடைத்து நின்றார்கள். அழைப்பு அவர் ஒருவருக்கு. ஆனால் வானத்து ஒளியின் நடுவே அவர் கேட்ட குரல் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதா? இல்லையே! பட்டணத்துக்குள் போ, செய்ய வேண்டியது அங்கே சொல்லப்படும் என்று அனுப்பிவிட்டது. அங்கே சொல்ல வந்தவர் யார்? அனனியா. அவருக்கோ உள்ளுக்குள் நடுக்கம். இந்த ஆள் நம்மவர்களைப் பிடித்துக் கட்டிக்கொண்டு போக வந்தவனாயிற்றே என்று ஆண்டவரிடமே முறையிட்டார். அப்படியும் போனார். தலைமேல் கைவைத்தார். சகோதரனே என்று கூப்பிட்டார். வானத்து ஒளி முடிக்காமல் விட்ட வேலையை நேர்த்தெரு என்ற தெருவில் பயந்த மனிதர் ஒருவர் முடித்துவைத்தார்.

தனி அனுபவமா, சபையா என்ற இந்த விஷயத்தில் படித்தவர்கள் நடுவிலும் பெரிய வழக்கு உண்டு. 1901, 1902 ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் கிஃபர்ட் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். சமய அனுபவத்தின் பல வகைகளைப் பற்றிய அந்தப் பேச்சுகள் 1902-இல் நூலாக வந்தன. இன்றுவரை அச்சில் இருக்கும் நூல் அது. ஜேம்ஸுக்குச் சமயம் என்றால், மனிதன் தன் தனிமையில் இறைவன் என்று தான் கருதும் ஒன்றின் முன்னால் நின்று உணர்வதும் செய்வதும்தான். கோயில், குருமார், சடங்கு இவையெல்லாம் அவருக்கு இரவல் சரக்கு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அவரோடு பணியாற்றிய தத்துவப் பேராசிரியர் ஜோசையா ராய்ஸ். இருவருக்கும் ஒரே தெருவில் வீடு, நெருங்கிய நட்பு, ஓயாத வாதம். ஜேம்ஸ் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து, 1913-இல், ராய்ஸ் தம் மறுப்பை நூலாக வெளியிட்டார். கிறிஸ்தவத்தின் உயிர்நாடி தனி மனிதனின் உணர்ச்சியில் இல்லை, அன்பால் கட்டுண்ட சமூகத்தில் இருக்கிறது என்றார்.

இருவரில் யார் சொன்னது சரி? வாதத்தை வாதத்தால் தீர்க்க எனக்குத் திறமை போதாது. ஒரு சமையலறைக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா மாநிலம், மான்ட்கோமரி நகரம். 1956 ஜனவரி 27. நள்ளிரவு. சமையலறை மேசையில் ஒரு கோப்பை காப்பி. எதிரே 27 வயது ஆயர் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அடுத்த அறையில் மனைவி கொரெட்டாவும் இரண்டு மாதக் கைக்குழந்தையும். அந்த ஆயரின் பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

என்ன நடந்திருந்தது? டிசம்பர் முதல் தேதி ரோசா பார்க்ஸ் என்ற அம்மையார் பேருந்தில் வெள்ளைக்காரருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதானார். ஐந்தாம் தேதி முதல் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறுவதை நிறுத்தினார்கள். ஊருக்கு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத இந்த இளம் ஆயரைத் தலைவராக்கினார்கள். அன்றிலிருந்து தொலைபேசியில் மிரட்டல். ஜனவரி 26-ஆம் தேதி, வண்டியை வேகமாக ஓட்டினார் என்று சொல்லிச் சிறையில் தள்ளினார்கள். மறுநாள் இரவு மறுபடியும் மணி அடித்தது. ஊரை விட்டுப் போகாவிட்டால் உன்னையும் சுட்டு வீட்டையும் தகர்ப்போம் என்றது ஒரு குரல்.

அவருக்குத் தூக்கம் போயிற்று. எழுந்து வந்து காப்பி போட்டார். கௌரவமாக எப்படி விலகலாம் என்று யோசித்தார். இதை நான் கற்பனை செய்து சொல்லவில்லை. 1958-இல் வந்த தம் முதல் நூலில் அவரே எழுதியிருக்கிறார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இறையியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். படித்த தத்துவம் முழுவதையும் மனத்தில் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் கைகொடுக்கவில்லை. கடைசியில் மேசைமேல் கவிழ்ந்து, வாய்விட்டு ஜெபித்தார். நான் பயந்துபோயிருக்கிறேன், என் பலம் தீர்ந்துவிட்டது, என்னை நம்பி நிற்கும் மக்கள்முன் நான் தளர்ந்தால் அவர்களும் தளர்ந்துவிடுவார்கள் என்று கடவுளிடம் ஒப்புக்கொண்டார். அதுவரை அறியாத ஒரு பிரசன்னத்தை அப்போது உணர்ந்ததாகச் சொல்கிறார். நீதிக்காக எழுந்து நில், நான் உன்னோடிருப்பேன் என்ற உறுதி உள்ளே எழுந்தது. பயம் விலகியது.

பாருங்கள், வில்லியம் ஜேம்ஸ் கேட்டது அப்படியே இருக்கிறது! தனிமை இருக்கிறது, நள்ளிரவு இருக்கிறது, ஒரு மனிதன் தன் கடவுளுக்கு முன்னால் நிற்கிறான். இதற்குச் சபை எதற்கு என்று கேட்கலாம் அல்லவா?

கேளுங்கள். ஆனால் அந்த மேசையைச் சுற்றி யார் யார் நின்றார்கள் என்பதையும் கொஞ்சம் பாருங்கள். கிங்கின் அப்பா ஆயர். அம்மாவின் அப்பாவும் ஆயர். அட்லாண்டாவில் எபனேசர் கோயிலில் அம்மா ஆர்கன் வாசித்தார். கிங் சபையில் சேர்ந்தது ஐந்தாவது வயதில். எப்படிச் சேர்ந்தார் தெரியுமா? எழுப்புதல் கூட்டத்தில் பிரசங்கியார் அழைத்தபோது முதலில் ஓடியது அவருடைய அக்கா. அக்கா என்னை முந்துவதா என்று இவரும் எழுந்து பின்னாலேயே ஓடினார். தமக்குத் திடீர் மனமாற்றம் எதுவும் அப்போது நிகழவில்லை என்று அவரே பின்னாளில் சிரிக்கச் சிரிக்க எழுதிவைத்தார்.

ஐந்து வயதில் அக்காவோடு போட்டி. இருபத்தேழு வயதில் அந்தச் சமையலறை. நடுவில் இருபத்திரண்டு வருஷங்கள். அந்த இருபத்திரண்டு வருஷமும் சபை என்ன செய்தது? ‘உனக்கு அனுபவம் உண்டா, அத்தாட்சி காட்டு’ என்று வாசலில் நிறுத்தியதா? உட்கார இடம் கொடுத்தது. பாட்டுக் கற்றுக்கொடுத்தது. பிரசங்க மேடைகூடக் கொடுத்தது. அன்றிரவு அவர் வாயில் வந்த ஜெபம் பல்கலைக்கழகத்தில் கற்றது இல்லை. ஓய்வுநாள் பள்ளியில், பாட்டியின் மடியில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் அழுகையில் ஊறியது. அவருக்கு அது இரவலாகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். சொந்தமாகும் வரையில் அதைப் பத்திரமாக வைத்துக் கையில் கொடுத்தது யார்?

மூன்றாம் நாள், ஜனவரி 30-ஆம் தேதி இரவு, மிரட்டல் நிஜமாயிற்று. வீட்டுத் திண்ணையில் குண்டு வெடித்தது. கிங் அப்போது கோயிலில் கூட்டத்தில் இருந்தார். வீட்டில் கொரெட்டாவுக்குத் துணையாகச் சபையைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். யாருக்கும் காயமில்லை. கடவுள் காத்தார் என்று நாம் சொல்வோம். சரி. அந்தத் துணைக்கு வந்த அம்மையாரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.

இன்னும் இருக்கிறது. 381 நாட்கள் அந்த மக்கள் பேருந்தில் ஏறவில்லை. வேலைக்கு எப்படிப் போனார்கள்? ஏராளமானோர் நடந்தார்கள். மற்றவர்களுக்குச் சபைகள் வண்டி ஓட்டின. கோயில்களின் பெயரில் பெரிய கார்கள் வாங்கி, பக்கவாட்டில் இன்ன சபை என்று எழுதி, தெருத்தெருவாக ஆட்களை ஏற்றி இறக்கினார்கள். உருளும் சபைகள் என்றே அவற்றுக்குப் பெயர் வந்துவிட்டது. பெட்ரோலுக்குப் பணம்? ஜார்ஜியா கில்மோர் என்று ஒரு சமையல்கார அம்மையார் இருந்தார். தம்மைப் போன்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் சாப்பாடும் செய்து விற்று, பணத்தைத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் கொண்டுவந்து கொட்டினார். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், ‘எங்கிருந்துமில்லை’ என்று பதில் சொல்ல வேண்டும். அதனால் அந்தக் குழுவுக்கே ‘எங்குமில்லாதவர் சங்கம்’ என்ற பொருளில் பெயர் வைத்துக்கொண்டார்கள்! வாங்கிய வெள்ளைக்காரர்கள் பலருக்குத் தாங்கள் தின்ற கேக்கின் காசு எதற்குப் போகிறது என்று தெரியாது. பிடி அரிசி சேர்த்துக் கோயில் கட்டிய நம் ஊர்த் தாய்மாருக்கு இந்தக் கதை நன்றாகவே விளங்கும்.

அந்தத் திங்கட்கிழமைக் கூட்டங்களில் ஒரு மூதாட்டியும் உண்டு. மதர் பொல்லார்டு என்று எல்லாரும் அழைப்பார்கள். தள்ளாத வயதிலும் நடந்தே வந்தவர். ஒரு நாள் கிங் வெளியே தைரியம் காட்டி, உள்ளே நொந்துபோய்ப் பேசி முடித்தார். கிழவி அவரைக் கிட்டே கூப்பிட்டார். உனக்கு என்னமோ ஆகிவிட்டது, இன்றைக்கு உன் பேச்சில் பலமில்லை என்றார். இவர் மழுப்பினார். கிழவி விடவில்லை. நாங்கள் எல்லாரும் உன்னோடு இருக்கிறோம், ஒருவேளை நாங்கள் இல்லாமற்போனாலும் கடவுள் உன்னைப் பார்த்துக்கொள்வார் என்றார். பல வருஷங்கள் கழித்தும் கிங் அந்தச் சொல்லைத் தம் பிரசங்கங்களில் நினைவுகூர்ந்தார்.

சமையலறையில் கேட்ட குரலும் இந்தக் கிழவியின் குரலும் ஒன்றையே சொல்கின்றன, கவனித்தீர்களா? ஒன்று தனிமையில் வந்தது. மற்றது கூட்டத்தின் நடுவே, பல் போன வாயிலிருந்தோ என்னவோ, வந்தது. சமையலறைக் குரல் ஓரிரவு கேட்டது. அந்த ஓரிரவை 381 நாட்களுக்கு நீட்டியது யார்? சபை. ராய்ஸ் எழுதிய ‘அன்புச் சமூகம்’ என்ற சொற்றொடர் பிற்காலத்தில் கிங்கின் வாயில் அடிக்கடி வந்ததில் வியப்பே இல்லை.

நண்பர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். சபைக்கு இரண்டு வேலைகள். ஒன்றும் நடக்காதவருக்கு இடம் வைத்திருப்பது ஒன்று. ஏதோ நடந்துவிட்டவருக்குச் செய்ய வேலை கொடுப்பது இன்னொன்று. இந்த இரண்டையும் செய்யாத சபையில் எத்தனை ஆயிரம் பேர் கைதட்டிப் பாடினாலும் எனக்குத் திருப்தியில்லை.

இடம் வைத்திருப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசலாமா? ஜான் வெஸ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தடிஸ்டு சபையின் தந்தை. 1738 மே 24-ஆம் தேதி மாலை, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டம். போக மனமில்லாமல்தான் போனார். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை யாரோ படித்துக்கொண்டிருந்தார். மணி ஒன்பதாகக் கால்மணி இருக்கும்போது தம் உள்ளம் விநோதமாகக் கதகதத்ததாக நாட்குறிப்பில் எழுதினார். இந்தப் பகுதியை நாம் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். ஆனால் அதற்கு முன்னால்? குருப்பட்டம் பெற்றுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அமெரிக்காவுக்கு மிஷனரியாகப் போய்த் தோற்றுத் திரும்பியிருந்தார். எனக்கே விசுவாசமில்லையே, நான் எப்படிப் பிரசங்கிப்பது, நிறுத்திவிடட்டுமா என்று பீட்டர் போலர் என்ற மொரேவிய சகோதரரிடம் கேட்டார். போலர் சொன்ன ஆலோசனை அருமையானது: விசுவாசம் கிடைக்கும் வரை அதைப் பிரசங்கம் பண்ணும், கிடைத்தபின் கிடைத்ததற்காகப் பிரசங்கம் பண்ணும் என்றார். எவ்வளவு பெரிய மனசு! நம்முடைய சபைகளில் ஓர் ஆயர் அப்படி வந்து கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அந்த ஆயர் கேட்கவே மாட்டார். கேட்க முடியாதபடி வைத்திருக்கிறோம்.

கதகதத்த உள்ளத்தை வெஸ்லி என்ன செய்தார்? 1742-இல் பிரிஸ்டல் நகரில் கட்டிய ஜெபவீட்டின்மேல் கடன் நின்றது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி தரலாம் என்றார் ஒருவர். ஏழைகளால் அதுவும் முடியாதே என்றார் இன்னொருவர். பதினோரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், வாரம்தோறும் நான் போய் வாங்குகிறேன், தர முடியாதவருக்கு நானே போட்டுவிடுகிறேன் என்றார் முதலாமவர். இப்படிப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்தார்கள். காசு வாங்க வீட்டுக்கு வீடு போனவர்கள் என்ன கண்டார்கள்? குடி, சண்டை, நோய், பட்டினி, கண்ணீர். வெஸ்லிக்குப் பொறி தட்டியது. நாம் தேடியது இதைத்தானே என்றார். ‘வகுப்புக் கூட்டம்’ என்று புகழ்பெற்ற ஏற்பாடு அப்படித்தான் பிறந்தது. எழுப்புதல் தீயிலிருந்து பிறக்கவில்லை ஐயா, கட்டடக் கடனிலிருந்து பிறந்தது! (நம் சேகரத்தில் கட்டடக் கடன் பற்றி நேற்றும் கமிட்டி கூடியதாகக் கேள்விப்பட்டேன். நம்பிக்கை இழக்க வேண்டாம்.)

சபை வேண்டாம் என்பவர்களில் எனக்கு மிகவும் மரியாதை உண்டாக்கியவர் சிமோன் வெய் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. யூதக் குடும்பத்தில் பிறந்த தத்துவ ஆசிரியை. தொழிலாளரின் துன்பத்தை அறியத் தாமே தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1943-இல் இங்கிலாந்தில் 34-ஆம் வயதில் இறந்தார். கிறிஸ்துவே வந்து தம்மை ஆட்கொண்டார் என்று எழுதியவர். ஆனாலும் ஞானஸ்நானத்துக்குச் சம்மதிக்காமல் வாசலிலேயே நின்றார். பெரான் என்ற குருவானவருக்கு 1942-இல் எழுதிய கடிதங்களில் காரணங்களைச் சொல்கிறார். திருச்சபை ‘விலக்கப்பட்டவன்’ என்று முத்திரை குத்தி எத்தனை பேரை வெளியே தள்ளியது! வெளியே நிற்கும் அத்தனை பேரோடும் நான் நிற்கிறேன் என்பது அவர் நிலை. கூட்டத்தின் சூடு மனிதனை எவ்வளவு எளிதாக மயக்கும் என்ற பயமும் அவருக்கு இருந்தது. அது ஜெர்மனியில் நாஜிகள் அணிவகுத்துப் பாடிய காலம் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்தப் பயம் நமக்கும் கொஞ்சம் இருந்தால் நல்லது.

ஆனால் அவருக்கு அனுபவம் வந்த இடங்களைப் பாருங்கள். 1935, போர்ச்சுகலில் ஒரு மீனவக் கிராமம். இரவில் மீனவப் பெண்கள் மெழுகுவத்தி ஏந்தி, படகுகளைச் சுற்றிப் பழைய பாட்டுகளைப் பாடிப் பவனி வருகிறார்கள். 1937, அசிசி நகரில் புனித பிரான்சிஸ் ஜெபித்த சிற்றாலயம். வாழ்க்கையில் முதல் தடவையாக முழங்கால் படியிடுகிறார். 1938, சொலெம் மடத்தில் பாடுகளின் வாரம். தலைவலி மண்டையைப் பிளக்க, துறவிகளின் பாட்டைக் கேட்டுக்கொண்டு இருக்கிறார். மூன்றும் யார் கட்டிக் காத்த இடங்கள்? ஆண்டவனுக்குச் சபை தேவையா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மீனவப் பெண்கள் அன்றைக்கு அசதியாக இருக்கிறது என்று வீட்டில் படுத்திருந்தால்? தங்கள் பாட்டை வெளியே நின்று ஒரு பெண் கேட்டுக் கலங்கிப்போனது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அவர்கள் வழக்கம்போலப் பாடினார்கள், அவ்வளவுதான். ஞாயிறுதோறும் அரைத் தூக்கத்தில் கீர்த்தனை பாடுகிறோமே, அதுவும் யார் காதில் எங்கே விழுகிறதோ!

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். வந்தே ஆக வேண்டும்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை அறியாத கிறிஸ்தவத் தமிழர் உண்டா? 1774-இல் இதே திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு அழைத்துப் போய்ப் பிள்ளையாக வளர்த்தார். சரபோஜி மன்னரோடு பழகியவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். அவர் பாட்டைப் பாடி அழாத குடும்பம் நம்மில் இல்லை. அவருக்கு இறையனுபவம் இருந்ததா என்று கேட்பதே பிழை. மலைபோல் இருந்தது.

அதே சாஸ்திரியார், 1820-களில் வந்த புதிய மிஷனரிமார் கோயிலில் சாதிவாரி இருக்கைகளை நீக்கி, திருவிருந்தில் எல்லாரும் கலந்து பங்கெடுக்க வேண்டும் என்றபோது, கடுமையாக எதிர்த்தார். எதிர்த்து எழுதினார். வேலையையும் இழந்தார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. தமிழ்ப் பாட்டையும் பழைய வேத மொழிபெயர்ப்பையும் நம் வழக்கங்களையும் ஒரேயடியாகத் துடைத்தெறியப் பார்த்த துரைமாரின் செருக்கை அவர் கண்டித்தது சரிதான். ஆனால் அந்த நியாயத்தோடு சேர்த்துப் பந்தியையும் பிரித்தே வைத்திருக்கக் கேட்டாரே, அதை எப்படிச் சரி என்பது? 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமை சபைக்குள் அடியோடு ஒழிய வேண்டும் என்று உத்தரவு எழுதினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஆண்டவரை விட்டுப் போகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆண்டவர் வேண்டும், அடுத்த சாதிக்காரனின் உதடு பட்ட பாத்திரம் வேண்டாம்!

முதல் குரல் சொல்கிறதே, எனக்கும் ஆண்டவருக்கும் நேரடி உறவு, நடுவில் யாரும் வேண்டாம் என்று? நம் நாட்டில் அந்த ‘நடுவில் யாரும் வேண்டாம்’ என்பதற்குள் சில சமயம் இதுவும் ஒளிந்திருக்கிறது. பக்கத்தில் யார் உட்காருவார் என்று தெரியாத இடத்துக்குப் போக மனமில்லை. கைப்பேசியில் பக்கத்து இருக்கை கிடையாது. எவ்வளவு சௌகரியம்! அதற்காகச் சபையில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டாம். இறந்தவர்களைக்கூடச் சாதி பார்த்துப் பிரிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பிய ஊர் நம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. பேராயர் தேர்தல் வந்தால் எந்தச் சாதிக்கு எத்தனை ஓட்டு என்று விரல் விட்டு எண்ணுகிறவர்கள் யார்? அரசியல்வாதிகளா?

அப்படியானால் சாஸ்திரியாரின் அனுபவம் பொய்யா? இல்லை. மெய்யான அனுபவமும் மனிதனை எல்லாப் பக்கமும் திருத்திவிடுவதில்லை. திருத்தாமல் விட்ட பக்கத்தைக் காட்டச் சகோதரர்கள் வேண்டும். அப்படிக் காட்டுவதற்குப் பொறுமையும் வேண்டும். துரைமாருக்கு அது இல்லை.

பொறுமைக்கு ஓர் உதாரணம் சொல்லி முடிவுப் பக்கம் போகிறேன். ஜான் உல்மன், அமெரிக்காவில் நியூஜெர்சியைச் சேர்ந்தவர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். தையல்காரர். இளைஞனாக ஒரு கடையில் கணக்கெழுதியபோது, முதலாளி ஓர் அடிமைப் பெண்ணை விற்பதற்குப் பத்திரம் எழுதச் சொன்னார். எழுதினார். உள்ளம் குத்தியது. அந்தக் குத்தலை அவர் தம் சொந்த ஆன்மிக விஷயமாக வைத்துக்கொள்ளவில்லை. சபையிடம் கொண்டு போனார். அடிமை வைத்திருந்த குவேக்கர்களின் வீடுகளுக்குச் சபையின் அனுமதிச் சீட்டோடு நடந்தே போனார். சண்டை போடாமல், அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, வருஷக்கணக்காகப் பேசினார். 1758-இல் குவேக்கர்களின் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் அடிமை வைத்திருப்போரைச் சந்தித்துப் பேச ஒரு குழுவை அமர்த்தியது. அடிமை வைத்திருப்பவருக்குச் சபையில் இடமில்லை என்று முடிவாக அறிவித்தது 1776-இல். அதற்கு நான்கு வருஷம் முன்பே உல்மன் இங்கிலாந்தில் அம்மை கண்டு இறந்துவிட்டார். ஒரு மனிதனின் உள்ளத்தில் விழுந்த முள் ஒரு சபையின் சட்டமாக மாற அத்தனை காலம். சபை என்றால் மெதுவாகத்தான் நகரும். அவசரக்காரருக்கு அது பெரிய சோதனை. எனக்கும்தான்.

இப்போது அந்த மெல்லிய குரலிடம் திரும்புகிறேன். ஒன்றும் நடக்கவில்லையே என்கிற அம்மா, ஐயா, கேளுங்கள். அன்னை தெரசாவுக்கு 1946 செப்டம்பர் 10-ஆம் தேதி டார்ஜிலிங் போகும் ரயிலில் அழைப்பு வந்தது. உலகமே அறியும். அதன்பின் ஏறக்குறைய ஐம்பது வருஷம் அவர் உள்ளத்தில் வறட்சியும் இருளும்தான் என்பதை 2007-இல் அவருடைய கடிதங்கள் அச்சான பிறகே உலகம் அறிந்தது. ஆனாலும் தினமும் விடியற்காலை மணி அடித்தது. சகோதரிகள் எழுந்தார்கள். அவரும் அவர்களோடு எழுந்து ஜெபித்துவிட்டுத் தெருவுக்குப் போனார். உணர்வு வற்றிய நாட்களில் சேர்ந்து எழுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். அதனால் உங்களிடம் குறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களுக்கு ஓர் இருக்கை உண்டு. அதில் உட்கார்ந்திருங்கள்.

ஏதோ நடந்துவிட்டவர்களிடம் ஒரு சொல். உங்கள் சாட்சியைக் கேட்க எங்களுக்கு ஆசை. ஆனால் அதே சாட்சியை அதே வார்த்தைகளில் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தால், நாங்கள் மரியாதையோடு ஒரு கேள்வி கேட்போம்: அதற்குப் பிறகு யாரை உங்கள் வண்டியில் ஏற்றிப் போனீர்கள்?

சேகரகுரு ஐயா கேள்வி நேரத்துக்கு அரை மணி ஒதுக்கியிருக்கிறார்கள்.  முதல் கேள்வியை நானே கேட்டுவிட அனுமதி கொடுங்கள். உங்களுக்கும் கேள்வி, எனக்கும் கேள்வி. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் ஒருவர் எழுந்து, “எனக்கு இதுவரை ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் வந்துகொண்டிருக்கிறேன்” என்று சொல்லி உட்கார்ந்தால், அடுத்த நிமிடம் இந்தச் சபை என்ன செய்யும்?